செப்புத் தகட்டில் ஒரு குளியல் தொட்டி

2024ஆம் ஆண்டு கோடையில் மகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவில் நியூ ஜெர்சிக்குப் போயிருந்தேன். நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றுக்கும் பழக்கமான பயணம்தான் இது. பெட்டியில் துணிமணி பாதி, பிரசவ லேகியமும் சுக்குப் பொடியும் பருப்புப் பொடியும் மீதி. போன நாளிலிருந்து எனக்கு ஒரே உத்தியோகம்: சின்ன முக்காலியில் உட்கார்ந்து, பேத்தியை நீட்டிய காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெந்நீரின் சூட்டைக் கையால் பார்த்துப் பார்த்துக் குளிப்பாட்டுவது.

ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை, "அத்தை, ஒரு நாளாவது வெளியே வாங்க. பிலடெல்பியா பக்கத்துலதான் இருக்கு" என்றார். அங்குள்ள கலை அருங்காட்சியகத்தில் 'மேரி கசாட் அட் வொர்க்' என்று ஒரு கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. எனக்கு ஓவியத்தில் பெரிய ஞானம் கிடையாது. முப்பது வருஷம் மும்பையில் வங்கிக் கணக்குப் பார்த்தவள். குழந்தை அழுமே என்ற கவலையோடுதான் உள்ளே போனேன்.

உள்ளே போன பிறகு கவலை மறந்துவிட்டது. குழந்தையைக் குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, தைப்பது, டீ கொடுப்பது, கடிதம் எழுதுவது என்று, நான் காலையில் செய்துவிட்டு வந்த வேலைகளே சுவர் முழுக்கத் தொங்கின. அன்று இரவு பேத்தி தூங்கிய பின் மகளின் கணினியில் அந்த ஓவியரின் வண்ண அச்சுப் படங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். மும்பை திரும்பிய பிறகும் அந்தத் தேடல் விடவில்லை. நான் தெரிந்துகொண்டவற்றை நம் மலர் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யார் இந்த மேரி கசாட்?

மேரி கசாட் 1844இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1860களிலேயே ஓவியம் கற்கப் பாரிஸ் சென்றார். 1874க்குப் பிறகு பாரிஸையே ஊராக்கிக்கொண்டார். 1877இல் அவருடைய பெற்றோரும் அக்கா லிடியாவும் அங்கேயே வந்து சேர்ந்தார்கள். கசாட் திருமணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோருக்கும் நோயாளியான அக்காவுக்கும் துணையாக, குடும்பப் பொறுப்புகளுக்கு நடுவில்தான் அவர் படம் வரைந்தார். லிடியா 1882இல் காலமானார்.

ஓவியர் டெகாவின் அழைப்பின் பேரில் 1879 முதல் இம்ப்ரஷனிஸ்ட் குழுவின் கண்காட்சிகளில் கசாட் பங்கேற்றார். ஏறக்குறைய அதே சமயத்தில்தான் டெகாவோடும் பிசாரோவோடும் சேர்ந்து செப்புத் தகட்டில் படம் செதுக்கி அச்சிடுவதில் இறங்கினார். மூவருமாக அச்சுப் படங்களுக்கென்றே ஒரு பத்திரிகை கொண்டுவரத் திட்டமிட்டார்கள். பத்திரிகை வரவில்லை, ஆனால் கையில் தொழில் படிந்துவிட்டது.

எழுநூறு ஜப்பானியப் படங்கள்

1890 வசந்த காலத்தில் பாரிஸின் எகோல் தே போசார் கலைப் பள்ளியில் ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களின் பெரிய கண்காட்சி ஒன்று நடந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. கசாட் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். தோழி பெர்த் மோரிசோவையும் கட்டாயம் வந்து பார்க்கும்படி எழுதினார்.

அந்தப் படங்களில் அப்படி என்ன இருந்தது? உதமாரோ போன்றவர்கள் அரசர்களையும் தெய்வங்களையும் மட்டுமா வரைந்தார்கள்? தலை வாருகிற பெண், கண்ணாடி பார்க்கிற பெண், குழந்தையைக் குளிப்பாட்டுகிற தாய் என்று வீட்டுக்குள் நடப்பதையும் வரைந்தார்கள். நிழல், வெளிச்சம் என்று பூசி மெழுகாமல், சுத்தமான கோடு, அதற்குள் தட்டையான ஒரே வண்ணம். நாம் வாசலில் செம்மண் பட்டை இட்டுக் கோலம் போடுகிற மாதிரி என்று எனக்குத் தோன்றியது.

இதையே நம் வீட்டுக் காட்சிகளை வைத்துச் செய்து பார்த்தால் என்ன என்று கசாட் நினைத்தார். ஆனால் ஜப்பானியர் போல் மரக்கட்டையில் அல்ல, தனக்குப் பழகிய செப்புத் தகட்டில்.

பிரான்சில் செப்புத் தகட்டு வண்ண அச்சு அதற்கு முன் இல்லாததல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் லெ ப்ளோன் என்பவர் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்று வண்ணத் தகடுகளைக் கொண்டே பல நிறங்களைக் காட்டினார். ஜானினே, தெபுகூர் போன்றவர்கள் அந்தக் கலையில் பெயர் பெற்றார்கள். பிறகு அது வழக்கொழிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் 'அசல் அச்சுக்கலை என்றால் கறுப்பு வெள்ளைதான், வண்ணம் என்பது விளம்பரத் தட்டிக்கு' என்கிற எண்ணம் பலமாக இருந்தது. பாரிஸின் பெரிய ஆண்டுக் கண்காட்சியான சலோனில் அச்சுப் படப் பிரிவுக்குள் வண்ணப் படங்களை விடவில்லை. அந்தத் தடை 1899இல்தான் நீங்கியது.

தகடு, அமிலம், துணிப் பொம்மை

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை நான் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் கலைக் கல்லூரி மாணவி ஒருத்தி இருக்கிறாள். "வாங்க ஆன்ட்டி, காட்டறேன்" என்று தன் நண்பர்களின் பட்டறைக்கே கூட்டிப் போனாள். கண்ணால் பார்த்ததும் பாதி சந்தேகம் தீர்ந்தது.

மரக்கட்டை அச்சில் மேடாக நிற்கும் பகுதியில் மை பூசி அச்செடுக்கிறார்கள், நம் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி. செப்புத் தகட்டில் நேர் எதிர். கோடு பள்ளமாக இருக்கும். மை அந்தப் பள்ளத்துக்குள் தங்கும். தகடு முழுக்க மை பூசி, கஞ்சி போட்ட சல்லாத் துணியால் மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் பள்ளத்தில் இருக்கிற மை மட்டும் மிஞ்சும். அதன்மேல் ஈரத்தாளை வைத்து, அதற்கு மேல் கம்பளித் துணி விரித்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே தள்ளினால் ஈரத்தாள் பள்ளத்துக்குள் அழுந்தி மையை எடுத்துக்கொண்டு வரும். அந்தப் பொறியைப் பார்த்ததும் எனக்கு நம் தெருமுனைக் கரும்புச்சாறு இயந்திரம்தான் ஞாபகம் வந்தது.

பள்ளம் உண்டாக்கப் பல வழிகள் உண்டு. தகட்டில் மெழுகு போன்ற பூச்சைத் தடவி, ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டால் கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். இது எட்சிங். அமிலமே இல்லாமல் கூரான ஊசியால் நேரடியாகச் செம்பைக் கீறுவது டிரைபாயின்ட். உழும்போது சாலின் இரு பக்கமும் மண் ஒதுங்குவதைப்போல, கீறலின் ஓரத்தில் செம்புப் பிசிறு எழும்பி நிற்கும். அந்தப் பிசிறும் மையைப் பிடித்துக்கொள்வதால் கோடு பட்டுப்போல் மெத்தென்று விழும். ஆனால் ஒவ்வொரு முறை பொறிக்குள் போய் வரும்போதும் பிசிறு நசுங்கும். அதனால் டிரைபாயின்ட் தகட்டிலிருந்து கொஞ்சம் பிரதிகள்தான் நன்றாக வரும்.

மூன்றாவது அக்வாடின்ட். தகட்டின்மேல் மரப்பிசின் தூளைச் சலித்துத் தூவி, அடியில் சூடு காட்டினால் துகள்கள் உருகி ஒட்டிக்கொள்ளும். அமிலத்தில் இட்டால் துகளுக்குத் துகள் இடையிலுள்ள செம்பு மட்டும் அரிபட்டு, கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான குழிகள் உண்டாகும். அங்கே மை பூசினால் கோடாக இல்லாமல் சீரான நிறப்பரப்பாக வரும்.

கசாட் கோடுகளுக்கு டிரைபாயின்ட்டையும், வண்ணப் பரப்புகளுக்கு அக்வாடின்ட்டையும், சில இடங்களில் மென்பூச்சு எட்சிங்கையும் எடுத்துக்கொண்டார். ஒரு படத்துக்கு அதிகபட்சம் மூன்று தகடுகள். ஆனால் படத்தில் நிறங்களோ மூன்றுக்கு மேல். அது எப்படி? ஒரே தகட்டில் ஆடை இருக்கும் இடத்தில் மஞ்சள், தொட்டி இருக்கும் இடத்தில் நீலம் என்று கையால் தனித்தனியாக மை இடுவார்கள். இதற்குத் துணியைச் சுருட்டிச் சிறு பந்தாகக் கட்டிக்கொள்வது வழக்கம். அந்தப் பந்துக்கு பிரெஞ்சுப் பெயர் 'பூப்பே', அதாவது பொம்மை. இந்த முறைக்கே 'ஆ லா பூப்பே', பொம்மை கொண்டு செய்வது, என்று பெயர். ஒவ்வொரு பிரதிக்கும் எல்லாத் தகடுகளுக்கும் மறுபடி முதலிலிருந்து மை இட வேண்டும், துடைக்க வேண்டும். பிறகு ஒரே ஈரத்தாளின்மேல் தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக இம்மி பிசகாமல் பொருத்த வேண்டும்.

அந்தப் பட்டறையில் என்னையும் ஒரு தகட்டைத் துடைக்கச் சொன்னார்கள். நாற்பது வருஷம் பாத்திரம் தேய்த்த கை சும்மா இருக்குமா? பளபளவென்று துடைத்துக் கொடுத்தேன். தாளை எடுத்துப் பார்த்தால் படமே இல்லை, வெளிறிய ஒரு நிழல்தான்! "ஆன்ட்டி, பள்ளத்துல இருந்ததையும் சேர்த்துத் துடைச்சிட்டீங்க" என்று அந்தப் பெண் சிரித்தாள். எவ்வளவு துடைக்க வேண்டும் என்பது மட்டுமல்ல, எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றுதான் எனக்குக் கசாட்டின் உழைப்பு உறைத்தது.

லெருவா என்ற அச்சுத் தொழிலாளியைத் துணைக்கு வைத்துக்கொண்டு இருவரும் நாள் முழுக்க, எட்டு மணி நேரம், பாடுபட்டால் எட்டோ பத்தோ பிரதிகள்தான் தேறும் என்று கசாட்டே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். படம் ஒன்றுக்கு 25 பிரதிகள், மொத்தம் 10 படங்கள். என் வங்கிப் புத்தியோடு கணக்குப் போட்டேன்: 250 பிரதிகளுக்குக் குறைந்தது 25 முழு வேலை நாட்கள். தகடு செதுக்கிய நாட்களும் சோதித்துத் திருத்திய பிரதிகளும் இதில் சேராது. பிரதிகளின் அடியில் 'ஓவியரும் திரு. லெருவாவும் அச்சிட்டது' என்ற பொருளில் அவரே எழுதியும் வைத்தார். கூட உழைத்தவரின் பெயரைத் தன் பெயருக்குப் பக்கத்தில் எழுதிய அந்த மனசு எனக்குப் பிடித்தது.

பத்துப் படங்கள்

முதலில் செய்தது குளியல் படம். மஞ்சள் பூப்போட்ட ஆடையில் ஒரு பெண், ஒரு கையில் குழந்தை, இன்னொரு கை நீலத் தொட்டியின் நீருக்குள். பின்னால் சுவர் இல்லை, திரைச்சீலை இல்லை, வெறும் தாள். கண் நேராக நீருக்குள் இருக்கும் கைக்குப் போகிறது. அவள் சூடு பார்க்கிறாள். உலகத்தில் எந்த மொழி பேசும் பெண்ணுக்கும் விளக்கம் தேவைப்படாத ஒரு செய்கை! ஜப்பானிய முறையை அப்படியே பின்பற்றிப் பார்த்த முயற்சி இது என்று கசாட் பிற்காலத்தில் சொன்னார். மற்ற ஒன்பதில் படிப்படியாகத் தன் வழியைக் கண்டுகொண்டார்.

'கடிதம்' என்ற படத்தில் நீல ஆடைப் பெண் மேஜை முன் உட்கார்ந்து உறையின் ஓரத்தை உதட்டில் வைத்து ஒட்டப் போகிறாள். கடிதத்தில் என்ன எழுதினாள் என்பது நமக்குத் தெரியாது. வெளியூரில் வாழும் நமக்கு இந்தப் படம் கொஞ்சம் அதிகமாகவே புரியும். ஊருக்கு இன்லேண்டு லெட்டர் எழுதி, மூன்று பக்கமும் மடித்து, எல்லாம் நலம் என்று ஒட்டிவிட்டு, எழுதாமல் விட்டதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மத்தியானங்கள் என் தலைமுறைப் பெண்களுக்கு நினைவிருக்கும்.

'அளவு பார்த்தல்' படத்தில் கண்ணாடி முன் ஒருத்தி நிற்கிறாள். தையற்காரப் பெண் நமக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டு ஆடையின் ஓரத்தைச் சரிசெய்கிறாள். இன்னொரு படத்தில் ஆடையை இடுப்பு வரை இறக்கிவிட்டு ஒரு பெண் குனிந்து முகம் கழுவுகிறாள். அந்த முதுகின் கோட்டைப் பார்த்து, ஒரு பெண்ணால் இப்படி வரைய முடியுமா என்று டெகா வியந்ததாகச் சொல்வார்கள். பாராட்டுதான், ஆனால் உள்ளே ஒரு முள்ளும் இருக்கிறது!

விளக்கருகே விசிறியோடு ஒருத்தி, தலைமுடியை முடிந்துகொள்ளும் ஒருத்தி, தேநீர் விருந்தில் தட்டை நீட்டும் ஒருத்தி, குழந்தையை முத்தமிடும், அணைத்துக்கொள்ளும் இரு தாய்மார். தேநீர்ப் படத்தில் பீங்கானின் விளிம்புக்குத் தங்க நிறத்தைக் கையாலேயே தீட்டியிருக்கிறார்.

பத்தில் ஒன்றே ஒன்றுதான் வீட்டுக்கு வெளியே. பொது வண்டியில் ஒரு சீமாட்டி, பக்கத்தில் குழந்தையை வைத்திருக்கும் தாதிப் பெண், ஜன்னலுக்கு வெளியே ஆறும் பாலமும். இதற்காக முதலில் போட்ட வரைபடத்தில் பக்கத்தில் ஓர் ஆணும் உட்கார்ந்திருந்தார். அச்சில் அவரை எடுத்துவிட்டார். இருக்கை மட்டும் காலியாக இருக்கிறது.

'பிரெஞ்சுக்காரர்களுக்கு மட்டும்'

இந்தப் பத்துப் படங்கள் எங்கே காட்சிக்கு வந்தன என்பதுதான் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய கதை.

பாரிஸில் ஓவிய அச்சாளர்கள் சங்கம் ஒன்று இருந்தது. அதன் 1889, 1890 கண்காட்சிகளில் கசாட் பங்கேற்றார். 1891இல் சங்கம் தன் பெயரோடு 'பிரெஞ்சு' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. பிரான்சில் பிறந்தவர்களே உறுப்பினர் என்றது. அமெரிக்காவில் பிறந்த கசாட் வெளியே. கரீபியத் தீவு ஒன்றில் பிறந்த பிசாரோவும் வெளியே. இருவரும் பல வருஷங்களாகப் பாரிஸ் கலை உலகில் உழைத்தவர்கள்.

மும்பையில் 1960களின் பிற்பகுதியில் 'மண்ணின் மைந்தர்' என்ற முழக்கம் தென்னாட்டவருக்கு எதிராக எழுந்ததை நம் மூத்த அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நான் 1976இல் கல்யாணமாகி இங்கே வந்தபோது அந்தச் சூடு தணிந்திருந்தது. ஆனாலும் வாடகைக்கு வீடு தேடுகையில் பெயரைக் கேட்டதுமே கதவு பாதி மூடிய அனுபவம் எங்களுக்கும் உண்டு.

அவர்கள் என்ன செய்தார்கள்? 1891 ஏப்ரலில், அந்தச் சங்கத்தின் கண்காட்சி நடந்த துராந்-ருயல் கூடத்திலேயே, பக்கத்து இரண்டு அறைகளில் கசாட்டும் பிசாரோவும் தங்கள் படங்களைத் தனியே மாட்டினார்கள். கசாட்டுக்கு அதுவே முதல் தனிக் கண்காட்சி. பத்து வண்ண அச்சுப் படங்களும் முதன்முதலாக அங்கேதான் பொதுமக்கள் கண்ணில் பட்டன. அவற்றை முன்பே பார்த்திருந்த பிசாரோ, தன் மகன் லூசியனுக்கு எழுதிய கடிதத்தில், அந்த வண்ணப் பரப்புகளின் சீரையும் மென்மையையும் மனம் திறந்து புகழ்ந்தார்.

இன்று பிரெஞ்சு வண்ண அச்சுக்கலையின் வரலாற்றை யார் எழுதினாலும், கசாட்டின் பத்துப் படங்களை விட்டுவிட்டு எழுத முடியாது. பிறப்புச் சான்றிதழ் கேட்ட அந்தச் சங்கத்தின் அன்றைய கண்காட்சியில் என்ன இருந்தது என்று யாருக்கு நினைவிருக்கிறது?

வீட்டு வேலை யாருடையது?

கசாட்டைத் 'தாய்மையின் ஓவியர்' என்று சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி உண்மைதான். படத்தில் குழந்தையைத் தூக்கியிருப்பவர்கள் எல்லாரும் தாய்மார் அல்லர். கூலிக்கு வந்து அமர்ந்த மாடல்களும் உண்டு, தாதியரும் உண்டு. வண்டிப் படத்தில் குழந்தையின் பாரம் யார் மடியில் இருக்கிறது என்று பாருங்கள். நான் பார்த்த கண்காட்சியின் தலைப்பிலேயே வேலை என்ற சொல் இருந்தது தற்செயல் அல்ல.

கசாட்டின் வீட்டிலும் மதில்த் வலே என்ற பணிப்பெண் பல பத்தாண்டுகள் இருந்தார். முதுமையில் பார்வை மங்கி கசாட் தூரிகையையே கீழே வைக்க நேர்ந்தது. 1926இல் அவர் காலமானபோது தன்னிடமிருந்த பல படங்களை அந்த மதில்துக்கே விட்டுச் சென்றார். இதைப் படித்தபோது, நான் வங்கிக்குப் போக வர இருந்த அத்தனை வருஷமும் என் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட எங்கள் வீட்டுப் பாயியை நினைத்தேன். என் இரண்டு பிள்ளைகளையும் என்னைவிட அதிக நாள் குளிப்பாட்டியவர் அவர்தான். எங்கள் ஆல்பத்தில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை.

பின்னால் வந்தவர்கள்

கசாட்டுக்குப் பிறகு வீட்டின் உட்புறம் பிரெஞ்சு அச்சுக்கலையில் ஒரு தனிப் பொருளாகவே ஆகிவிட்டது. 1899இல் வுயார் என்ற ஓவியர் கல்லச்சு முறையில் வெளியிட்ட 'நிலக்காட்சிகளும் வீட்டின் உட்புறங்களும்' என்ற தொகுதியில், சுவர்த்தாளின் பூக்களும் ஆடையின் பூக்களும் ஒன்றோடொன்று கலந்து, அறையே ஆளை அணைத்துக்கொள்வதுபோல் இருக்கும். அவருடைய தாயார் வீட்டிலேயே தையல் தொழில் செய்தவர். 1904இல் அசல் வண்ண எட்சிங்குக்கென்றே பாரிஸில் ஒரு சங்கம் தோன்றியது.

இந்த வரலாறு நம் பக்கமும் வந்து தொடுகிறது. 1940களின் இறுதியில் சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்த கிருஷ்ணா ரெட்டி, பின்னர் பாரிஸ் சென்று ஹேய்ட்டர் என்ற ஆங்கிலேயரின் பட்டறையில் சேர்ந்தார். மையின் பிசுபிசுப்பைக் கூட்டியும் குறைத்தும், மென்மையான உருளை, கடினமான உருளை என்று மாற்றி உருட்டியும், ஒரே தகட்டிலிருந்து பல வண்ணங்களை ஒரே சமயத்தில் எடுக்கும் முறையை வளர்த்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்கப் பெண்மணி, கரீபியத்தில் பிறந்தவர், ஆங்கிலேயர், ஆந்திராவில் பிறந்து சென்னையில் கற்பித்தவர். பாரிஸின் வண்ணத் தகடுகளில் எத்தனை வெளியூர்க் கைகள்!

கசாட்டின் இந்தப் படங்களைப் பார்க்க அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடமும் சிகாகோ, நியூயார்க் அருங்காட்சியகங்களும் தங்களிடமுள்ள பிரதிகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. பெரிதாக்கிப் பார்த்தால் அக்வாடின்ட்டின் மணல்போன்ற புள்ளிகள்கூடத் தெரியும். பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். நம் சங்க மலர்களில் தலைவர்களின் படம் இருக்கிறது, மேடைப் படம் இருக்கிறது, பொன்னாடைப் படம் இருக்கிறது. மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் ஒற்றை அறையில் குடித்தனம் தொடங்கிய நம் அம்மாக்களின் சமையலறைப் படம் இருக்கிறதா? பம்ப் ஸ்டவ், தண்ணீர் டிரம், மூலையில் கட்டிய தூளி. வீட்டில் பழைய படம் ஏதாவது இருந்தால், பின்னால் ஆண்டையும் அதில் இருப்பவர்களின் பெயரையும் எழுதி வையுங்கள். வேலைக்கு வந்தவர் படத்தில் இருந்தால் அவர் பெயரையும் எழுதுங்கள்.

எங்கள் வீட்டுப் பாயியை நான் போன மாதம் தேடிப் போனேன். இப்போது மகனோடு கல்யாண் பக்கம் இருக்கிறார். பேத்தியைக் குளிப்பாட்டுகிற வீடியோவை என் கைப்பேசியில் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, மராத்தியில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: தலையை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருக்க வேண்டுமாம்.